காசு கட்டினால் வெளியாகும் ஆய்வுகள்: ஒரு சின்ன வரலாறு

எங்கட கம்பஸில் யாராவது “பேப்பர் ஒண்டு பப்ளிஷ் ஆகிட்டுது” என்று சொன்னால் உடனே வாழ்த்துத்தான். ஃபேஸ்புக்கில் சான்றிதழின் படம், அதற்குக் கீழே ஐம்பது அறுபது பேரின் பாராட்டு. எந்தச் சஞ்சிகை, அதை நடத்துவது யார், வெளியிட முதல் யாராவது அதை வாசித்தார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு மாதிரி ஆகிவிட்டது. கட்டுரை வெளியானதற்கு எதற்குத் தனியாக ஒரு வண்ணச் சான்றிதழ் என்ற கேள்வியும் ஒருவருக்கும் வருவதில்லை.

இறுதி வருட ஆய்வேடு எழுதியவர்களுக்கும், மாணவர் ஆய்வு மாநாட்டில் கட்டுரைச் சுருக்கம் கொடுத்தவர்களுக்கும் அந்த மின்னஞ்சல்கள் பழக்கமானவை. சுருக்கத் தொகுப்பில் உங்கள் முகவரி அச்சானால் போதும், கொஞ்ச நாளில் வரத் தொடங்கிவிடும். இன்னும் பட்டமே முடிக்காத ஆளை “மதிப்புக்குரிய கலாநிதி அவர்களே” என்று விளிப்பார்கள். உங்கள் ஆய்வு எங்கள் ஆசிரியர் குழுவின் கவனத்தை ஈர்த்தது என்பார்கள். தமிழ் இலக்கியம் பற்றி எழுதியவரிடம் பல் மருத்துவச் சஞ்சிகைக்குக் கட்டுரை கேட்பார்கள். சிரித்துவிட்டு அழித்துவிடலாம்தான். ஆனால் எல்லாரும் அழிப்பதில்லை. புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் ‘வெளியீடுகள்’ என்ற கட்டம் வெறுமையாகக் கிடக்கும்போது அழிக்கிற கை கொஞ்சம் தயங்கும்.

இவற்றை ஆங்கிலத்தில் ப்ரெடட்டரி ஜேர்னல்கள் என்கிறார்கள். இங்கே வேட்டைச் சஞ்சிகைகள் என்று சொல்லிக்கொள்வோம். இவற்றைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்று நிறையப் பட்டியல்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியல்களை மனப்பாடம் பண்ணுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஏன் எண்டா, மதிப்பாய்வு, ஆசிரியர் குழு, தாக்கக் காரணி, தரவுத்தளத்தில் இடம் என்று ஒரு சஞ்சிகையின் நம்பகத்தைக் காட்டுகிற எந்த அடையாளமும் வானத்தில் இருந்து விழவில்லை. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவைக்காக யாரோ உண்டாக்கினார்கள். பிறகு வேறு யாரோ அதைப் போலி செய்தார்கள். அந்தக் கதை தெரிந்தால், அடையாளத்துக்குப் பின்னால் என்ன இருக்கவேண்டும் என்று தேடத் தெரியும்.

ஓல்டன்பேர்க்கின் கடிதங்கள்

1665 ஜனவரியில் பாரிஸில் ஒரு சஞ்சிகை தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 6ஆம் திகதி, லண்டனில் ‘பிலோசொஃபிக்கல் ட்ரான்ஸக்ஷன்ஸ்’ வந்தது. பாரிஸ் சஞ்சிகை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய்ப் பிறகு மீண்டும் தொடங்கியது. லண்டன் சஞ்சிகை இன்றைக்கும் வருகிறது.

லண்டன் சஞ்சிகையை ஆரம்பித்தவர் ஹென்றி ஓல்டன்பேர்க். ஜேர்மனியின் பிரேமனில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர், றோயல் சொசைற்றியின் செயலாளர். ஐரோப்பா முழுக்க இருந்த அறிஞர்களோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. வருகிற கடிதங்களில் உள்ள புதிய செய்திகளை மாதாமாதம் அச்சடித்து விற்றால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. சஞ்சிகை சொசைற்றியின் சொத்தாக இருக்கவில்லை. அது ஓல்டன்பேர்க்கின் சொந்த முயற்சி, இலாபமும் நட்டமும் அவருக்குத்தான். இலாபம் அவர் நினைத்த அளவுக்கு வரவில்லை. முதல் வருடமே லண்டனில் கொள்ளைநோய் பரவி, சில இதழ்களை ஒக்ஸ்ஃபோர்டில் அச்சடிக்க வேண்டிவந்தது. 1667இல் ஒல்லாந்தரோடு போர் நடந்த நேரம், வெளிநாட்டாரோடு கடிதம் வைத்திருக்கிற ஆள் என்ற சந்தேகத்தில் அவரைப் பிடித்து லண்டன் கோபுரத்தில் சில வாரங்கள் அடைத்தும் வைத்தார்கள்.

இந்தச் சஞ்சிகையை வாசகர் ஏன் நம்பினார்கள்? மதிப்பாய்வு இல்லை, தாக்கக் காரணி இல்லை. ஓல்டன்பேர்க் என்ற ஆளைத் தெரியும், அவர் யாரோடு கடிதம் எழுதுகிறார் என்று தெரியும், குப்பையை அச்சடித்தால் அடுத்த கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தே கேட்கலாம். அவ்வளவுதான்.

1752இல் சொசைற்றி சஞ்சிகையின் பொறுப்பைத் தானே எடுத்து, எதை அச்சடிப்பது என்று முடிவெடுக்க ஒரு குழுவை வைத்தது. 1830களின் தொடக்கத்தில்தான் இன்னொரு அறிஞரிடம் கட்டுரையைக் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குகிற பழக்கம் வந்தது. யோசனையைச் சொன்னவர் வில்லியம் வெவெல். முதல் கட்டுரையை அவரும் ஜோன் லுபொக் என்பவரும் வாசித்தார்கள், இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆக, மதிப்பாய்வு பிறந்த அன்றைக்கே சண்டையும் பிறந்துவிட்டது.

மதிப்பாய்வு ஆதி தொட்டு இருந்த சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஐன்ஸ்டைனின் கதையைச் சொல்லவேண்டும். 1936இல் அவரும் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை அமெரிக்காவின் ‘பிசிக்கல் ரிவியூ’வுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜோன் டேற் அதை இன்னொரு பௌதிகவியலாளருக்கு அனுப்பி, வந்த விமர்சனத்தை ஐன்ஸ்டைனுக்குத் திருப்பி அனுப்பினார். ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சாக முதல் வேறொருவருக்குக் காட்டச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லையே என்ற பொருளில் கடிதம் எழுதி, கட்டுரையைத் திருப்பி எடுத்துவிட்டார். ஜேர்மனியில் அவர் பழகிய வழக்கம் அப்படி இருக்கவில்லை. பிறகு அதே கட்டுரை வேறொரு சஞ்சிகையில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. விமர்சனம் எழுதியவர் ஹொவர்ட் பெர்சி ரொபேட்சன் என்றும், அவர் சொன்னதுதான் சரி என்றும் பல வருடங்கள் கழித்து உறுதியானது. உலகமே கொண்டாடிய ஆளுக்கு “இது பிழை” என்று சொல்ல ஒரு சஞ்சிகைக்கு வழி இருந்தது. மதிப்பாய்வு என்பதன் முழு அர்த்தமும் அதுதான். ‘நேச்சர்’ சஞ்சிகையே வெளி மதிப்பாய்வை ஒழுங்கான விதியாக்கியது 1973இல்தான்.

யார் காசு கொடுத்தது?

இந்தக் காலம் முழுக்க எழுதியவரிடம் கட்டணம் கேட்கிற வழக்கம் பொதுவாக இருக்கவில்லை. சங்கம் கொடுத்தது, சந்தாக்காரர் கொடுத்தார், பல்கலைக்கழகம் கொடுத்தது. எங்கட பக்கத்திலும் அதேதான். றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1845இல் தொடங்கித் தன் சஞ்சிகையை நடத்தியது. கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்வு இதழைத் தொடங்கினார். தமிழ் தெரியாத உலக அறிஞர்களுக்குத் தமிழியலைக் கொண்டுபோன இதழ் அது. ‘தமிழ் கல்ச்சர்’ இதழுக்குத் தாக்கக் காரணி எவ்வளவு என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். அடிகள் யார், அதில் எழுதினவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை மாறியது. அரசுகள் விஞ்ஞானத்தில் காசைக் கொட்டின, ஆய்வாளர் தொகை பெருகியது, சங்கங்களின் சஞ்சிகைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இதில் வியாபாரம் இருக்கிறது என்று கண்டவர்களில் முக்கியமானவர் ரொபேட் மக்ஸ்வெல். 1951இல் ஒரு சிறிய பதிப்பகத்தை வாங்கி பெர்கமன் பிரஸ் என்று பெயர் வைத்தார். புதிய துறை ஒன்று தலைகாட்டினால் உடனே அதற்கு ஒரு சஞ்சிகை. எழுதுபவருக்குச் சம்பளம் இல்லை, மதிப்பாய்வு செய்பவருக்கும் இல்லை, வாங்குகிற நூலகத்துக்கோ வாங்காமல் இருக்க முடியாது. இதைவிட நல்ல வியாபாரம் கிடைக்குமா? 1991இல் அவர் பெர்கமனை எல்செவியருக்கு விற்றபோது விலை 440 மில்லியன் பவுண்.

அதே காலத்தில் இன்னொரு விஷயமும் வளர்ந்தது. எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்று ஒரு சுட்டி செய்யலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார். 1960களில் அதைச் செய்தும் காட்டினார். ஆய்வாளருக்குத் தேடலில் உதவுவதுதான் முதல் நோக்கம். சஞ்சிகைகளை ஒப்பிட அதிலிருந்து ஒரு கணக்கும் வந்தது. முந்திய இரண்டு வருடத்தில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது என்ற கணக்கு. அதுதான் தாக்கக் காரணி. 1975 முதல் அது வருடாந்த அறிக்கையாக வந்தது. எந்தச் சஞ்சிகையை வாங்கலாம் என்று நூலகருக்கு உதவிய எண், கொஞ்சக் காலத்தில் யாருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம் என்று நிர்வாகிகள் பார்க்கிற எண்ணாக மாறியது. அந்த எண்ணைப் போலி செய்வதில் காசு இருக்கிறது என்று யாராவது கண்டுபிடிக்கத்தானே வேண்டும்.

சஞ்சிகை விலை ஏற ஏற, பணக்கார நாட்டு நூலகங்களே முறையிடத் தொடங்கின. எங்கட போன்ற நாடுகளைச் சொல்லவே தேவையில்லை. இணையம் வந்தபோது, ஆய்வை ஏன் பூட்டி வைக்கவேண்டும் என்ற கேள்வி பலமானது. 2002 பெப்ரவரியில் வந்த புடாபெஸ்ட் பிரகடனம் திறந்த அணுக்கத்தை ஒரு கொள்கையாகச் சொன்னது: யாரும், எங்கிருந்தும், காசில்லாமல் வாசிக்கலாம். சரி, செலவை யார் கொடுப்பது? ஒரு பதில், எழுதுபவரின் ஆய்வு நிதியிலிருந்து. 2003இல் தொடங்கிய ‘ப்ளொஸ் பயோலஜி’ ஒரு கட்டுரைக்கு 1,500 டொலர் என்று வைத்தது. கட்ட முடியாதவர்களுக்கு விலக்கும் கொடுத்தது.

இதை ஆதரிக்கிறவன்தான் நானும். கலைப்பீட மாணவனாக இருந்துகொண்டு ஒரு கட்டுரைக்கு 40 டொலர் கேட்கிற பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவனுக்கு வேறு எப்படி இருக்கமுடியும்? ஆனால் இந்த மாற்றத்துக்குள் ஒரு பொறி இருந்தது. சந்தா முறையில் குப்பையை அச்சடித்தால் வாங்குகிறவர் நிறுத்திவிடுவார். எழுதுபவர் காசு கட்டும் முறையில் ஒவ்வொரு ‘ஏற்கிறோம்’ உம் வருமானம், ஒவ்வொரு ‘நிராகரிக்கிறோம்’ உம் நட்டம். நேர்மையான ஆசிரியர் அந்த நட்டத்தைத் தாங்குவார். நேர்மையில்லாதவர் ஏன் தாங்கவேண்டும்?

நகைச்சுவையாகத் தொடங்கிய சோதனைகள்

2005இல் எம்.ஐ.ரி. மாணவர் மூன்று பேர், கணினி விஞ்ஞானக் கட்டுரை மாதிரியே தோற்றமளிக்கும் அர்த்தமில்லாத எழுத்தைத் தானாக உண்டாக்கும் ஒரு மென்பொருளைச் செய்தார்கள். 2009இல் பில் டேவிஸ் என்பவரும் கென்ற் அண்டர்சனும் அதில் செய்த ஒரு கட்டுரையை பென்தம் பதிப்பகத்தின் திறந்த அணுக்கச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்களின் நிறுவனம் என்று ‘பிரயோக மண்டையோட்டியல் ஆய்வு மையம்’ என்ற பொருளில் ஒரு பெயரைக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஒரு கெட்ட வார்த்தை. கட்டுரை ஏற்கப்பட்டது, 800 டொலர் கட்டச் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்தது 2014இல் நடந்தது. இரண்டு அமெரிக்கக் கணினி விஞ்ஞானிகள் முன்பு வேடிக்கையாக ஒரு ‘கட்டுரை’ செய்து வைத்திருந்தார்கள். என்னை உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் இருந்து நீக்குங்கடா என்ற ஒரே வசனம், தூஷணத்தோடு, பத்துப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப. படமும் வரைபும் கூட அதே வசனத்தால் ஆனவை. அவுஸ்திரேலியாவில் பீற்றர் வம்ப்ளூ என்ற ஆய்வாளர், தொல்லை தந்த ஒரு சஞ்சிகைக்கு அதைப் பதிலாக அனுப்பிவைத்தார். பட்டியலில் இருந்து நீக்குவார்கள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். மதிப்பாய்வில் ‘மிகச் சிறப்பு’ என்று வந்திருக்கிறது, 150 டொலர் அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

பெரிய அளவில் செய்து பார்த்தவர் பத்திரிகையாளர் ஜோன் பொஹானன். லைக்கனில் இருந்து எடுத்த பொருள் புற்றுநோய்க் கலங்களைத் தடுக்கிறது என்று ஒரு கட்டுரை, இல்லாத ஆபிரிக்க ஆய்வாளர்கள், இல்லாத நிறுவனங்கள். பாடசாலை இரசாயனவியலுக்கு மேல் கொஞ்சம் தெரிந்தவர் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே வைத்தார். 304 திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 ஏற்றன, 98 நிராகரித்தன. முடிவு 2013 ஒக்டோபரில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. ஏற்றவற்றில் எல்செவியர், சேஜ் போன்ற பெரிய நிறுவனங்களின் சஞ்சிகைகளும் இருந்தன. ‘ப்ளொஸ் வன்’ நிராகரித்தது. சந்தாச் சஞ்சிகைகளுக்கு அவர் அனுப்பிப் பார்க்கவே இல்லையே, பிறகு எப்படித் திறந்த அணுக்கத்தைக் குறைசொல்லலாம் என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி.

போலந்து ஆய்வாளர்கள் கட்டுரைக்குப் பதிலாக ஒரு ஆளையே கற்பனையில் செய்தார்கள். பெயர் அனா ஓ. ஷுஸ்ற். போலிஷ் மொழியில் ‘ஒஷுஸ்ற்’ என்றால் மோசடிக்காரர். பொய்ப் பட்டங்கள், ஒரு நல்ல வெளியீடு கூட இல்லாத தன்விவரம். ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 360 சஞ்சிகைகளுக்கு அவர் பெயரில் விண்ணப்பம் போனது. தாக்கக் காரணி உள்ள அறிக்கையில் இடம்பெற்ற 120இல் ஒன்றுகூட ஏற்கவில்லை. திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விவரக்கொத்தில் இருந்து எடுத்த 120இல் 8 ஏற்றன. வேட்டைச் சஞ்சிகை என்று சந்தேகிக்கப்பட்ட 120இல் 40 ஏற்றன. சில சஞ்சிகைகள் எடுத்த எடுப்பில் பிரதம ஆசிரியராகவே நியமித்தன. 2017இல் ‘நேச்சர்’ இதை வெளியிட்டது. இதற்குப் பிறகு ஒரு சஞ்சிகையின் தளத்தில் ஆசிரியர் குழு என்று முப்பது பெயர் கிடந்தால், முப்பது பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் மனம் வருகிறது.

அந்தச் ‘சந்தேகப் பட்டியல்’ ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் செய்தது. கொலராடோப் பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் வேலை பார்த்தவர், 2010இல் ‘ப்ரெடட்டரி’ என்ற பெயரை வைத்ததும் அவர்தான். 2011இல் பட்டியலில் 18 பதிப்பகங்கள், 2016இல் 923. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒமிக்ஸ் குழுமம் 2013இல் அவர்மீது நூறு கோடி டொலர் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. வழக்கு வரவில்லை. 2017 ஜனவரியில் பீல் பட்டியலை இணையத்தில் இருந்து எடுத்துவிட்டார். பல்கலைக்கழகத்தின் அழுத்தமும் வேலை போய்விடுமோ என்ற பயமும்தான் காரணம் என்று பிறகு எழுதினார். ஒமிக்ஸ் கதை வேறு விதமாக முடிந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2016இல் வழக்குத் தொடர்ந்தது. கட்டணத்தை முதலில் சொல்லாமல் ஏற்றபிறகு கேட்பது, சம்மதிக்காத பேராசிரியர்களின் பெயரை ஆசிரியர் குழுவில் போடுவது, இல்லாத மதிப்பாய்வை இருப்பதாகச் சொல்வது, கட்டுரையைத் திருப்பி எடுக்க விடாதது ஆகியவை குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் நெவாடா சமஷ்டி நீதிமன்றம் ஐந்து கோடி டொலருக்கு மேல் கட்டும்படி தீர்ப்பளித்தது.

ஏன் எங்களைத் தேடி வருகிறார்கள்?

ஷென், பியோர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். இப்படியான சஞ்சிகைகளில் 2010இல் வந்த கட்டுரைகள் 53,000. 2014இல் அது 420,000. எழுதியவர்களில் முக்கால்வாசிப்பேர் ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்தவர்கள். சராசரிக் கட்டணம் 178 டொலர். இன்றைய விலையில் ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல், அதாவது எங்களில் ஒருவருக்குப் பல மாதத்து மஹாபொல.

நாங்கள் முட்டாள்கள் என்பதால் வருவதில்லை. எண்ணிக்கை கேட்கிறார்கள் என்பதால் வருகிறார்கள். இந்தியாவில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கையளிக்க முதல் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009இல் விதி வந்தது. ஆசிரியர் நியமனத்துக்கும் உயர்வுக்கும் புள்ளிகள் வந்தன. புள்ளிக்காகச் சஞ்சிகைகள் முளைத்தன. பிறகு அங்கீகரித்த பட்டியல் ஒன்று போட்டார்கள், அந்தப் பட்டியலுக்குள்ளேயே போலிகள் புகுந்தன, 2018 மே மாதத்தில் 4,305 சஞ்சிகைகளை ஒரே தடவையில் நீக்க வேண்டிவந்தது. 2019இல் ‘கேர்’ என்று புதுப் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டார்கள். கட்டாய வெளியீட்டு விதி 2022இலேயே போய்விட்டது. இலங்கையிலும் விரிவுரையாளர்களின் பதவி உயர்வில் வெளியீட்டுக்குப் புள்ளி இருக்கிறது. அதைப் பார்த்து வளர்கிற மாணவர் நாங்கள்.

இதில் எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது இன்னொன்று. பீல் செய்தது துணிச்சலான வேலை. ஆனால் பிரேசிலில் தொடங்கி லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவிய சயெலோ என்ற பொதுநிதித் திறந்த அணுக்கத் திட்டத்தை அவர் 2015இல் ‘வெளியீட்டுச் சேரி’ என்ற பொருளில் எழுதினார். பணக்கார நாட்டுப் பதிப்பகத்தின் மினுக்கம் இல்லாவிட்டால் சந்தேகம்தான் என்ற பார்வை அது. அதே பார்வை எங்கட ஆட்களிடமும் உண்டு. ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறை வருடத்துக்கு ஒன்று என்று கஷ்டப்பட்டு வெளியிடுகிற இதழ், இணையப் பக்கம் ஒழுங்காகத் திறக்காது, தாக்கக் காரணி கிடையாது. ஆனால் கட்டுரை கொடுத்தால் நன்னூலில் இருந்து நாட்டார் வழக்கு வரை கரைத்துக் குடித்த ஒரு பேராசிரியர் சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பி அனுப்புவார். அதை ‘லோக்கல்’ என்று தள்ளிவிட்டு, ‘இன்டர்நஷனல்’ என்று பெயர் வைத்த ஒரு அறை அலுவலகச் சஞ்சிகைக்கு டொலர் கட்டுகிறோம்.

பெரிய பெயர்களும் தப்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேர்க் மருந்துக் கம்பனி காசு கொடுத்து, எல்செவியரின் அவுஸ்திரேலியக் கிளை 2000களின் தொடக்கத்தில் மருத்துவச் சஞ்சிகை மாதிரியே ஒரு விளம்பர வெளியீட்டை நடத்தியது 2009இல் வெளியே வந்தது. வைலி 2021இல் 298 மில்லியன் டொலருக்கு வாங்கிய ஹிந்தாவி, 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. காசுக்குக் கட்டுரை செய்து விற்பவர்கள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்திருந்தார்கள். பிறகு அந்தப் பெயரையே வைலி கைவிட்டது.

அப்ப, எங்க அனுப்பிறது?

முதல் வேலை, நீங்கள் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்தச் சஞ்சிகைகளில் வந்தவை என்று பார்ப்பது. உங்கள் துறையில் பேசிக்கொள்கிற ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தெரியாத சஞ்சிகை என்றால் கடைசி இரண்டு இதழில் உங்கள் தலைப்புக்குக் கிட்டவான இரண்டு கட்டுரையை முழுசாக வாசியுங்கள். நான் சொல்கிற எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம், இதைத்தான் ஒருவரும் செய்வதில்லை. ஒரே இதழில் மீன்வளமும் சங்க இலக்கியமும் வங்கி முகாமையும் சேர்ந்து கிடந்தால் அங்கே யார் எதை மதிப்பாய்வு செய்திருக்க முடியும்?

ஆசிரியர் குழுவில் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து, அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய் இந்தச் சஞ்சிகையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தாக்கக் காரணி என்று எண் போட்டிருந்தால் அதைக் கணித்தது யார் என்று பாருங்கள். ‘உலக’, ‘சர்வதேச’, ‘விஞ்ஞான’ என்ற சொற்களை முன்னால் ஒட்டிய போலிக் காரணிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று சஞ்சிகை சொன்னால், அதன் இணைப்பைச் சொடுக்காமல் நீங்களே அந்தத் தரவுத்தளத்துக்குப் போய்த் தேடுங்கள். ஏன் எண்டா, உண்மையான சஞ்சிகையின் பெயரையும் எண்ணையும் திருடிப் பொய்த்தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஒஸ்ரியாவின் தாவரவியல் சஞ்சிகை ‘வுல்ஃபேனியா’வுக்கு அப்படித்தான் நடந்தது.

திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விவரக்கொத்து ஒன்று 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பொஹானனின் சோதனைக்குப் பிறகு விதிகளை இறுக்கி, 2016இல் 3,000க்கு மேற்பட்ட சஞ்சிகைகளை வெளியே போட்டார்கள். இன்று அதில் தேடுவது பயனுள்ளது. எங்கட நாட்டுச் சஞ்சிகைகளுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துகிற ‘ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளம் இருக்கிறது. அதில் உள்ள சஞ்சிகைகளுக்கு வெளியீட்டு நடைமுறையைப் பார்த்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் வரும் பல நல்ல இதழ்கள் இரண்டிலும் இருக்காது. அதற்கு ஒரே வழி துறையில் உள்ளவர்களைக் கேட்பதுதான், நூலகரையும் சேர்த்து. எந்தப் பழைய இதழ் என்ன தரத்தில் வந்தது என்று பார்க்க நூலகம் தளத்தில் தேடலாம்.

நேரத்தையும் பாருங்கள். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டோம் என்றால் ஒருவரும் வாசிக்கவில்லை. நல்ல சஞ்சிகையில் மாதக்கணக்காகும், அனேகமாக முதல் பதில் “மாற்றி எழுது” என்றுதான் வரும்.

எங்களுக்கு இரண்டு பட்ச் முந்தின அக்கா ஒருவர், தன் ஊர்ப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் பற்றிய ஆய்வேட்டில் இருந்து ஒரு அத்தியாயத்தை மின்னஞ்சலில் கேட்ட ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினா. நாலாம் நாள் ஏற்றுவிட்டோம், 120 டொலர் என்று வந்தது. அவ கட்டவில்லை. திருப்பி எடுக்கிறேன் என்று எழுதினா. அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள். பிறகு காசு வராமலே கட்டுரையைப் போட்டுவிட்டார்கள். ஏற்கனவே வெளியான கட்டுரையை இன்னொரு நல்ல சஞ்சிகை எடுக்காது என்பதுதான் இதிலுள்ள பெரிய அடி. வயது போன அம்மாக்களோடு இருந்து எடுத்த நேர்காணல்கள் எல்லாம் அதற்குள் போய் மாட்டிக்கொண்டன.

இப்படி நடந்தால் செய்யவேண்டியது: ஒரு சதமும் கட்டவேண்டாம், எந்தப் பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்து வைக்கவேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று திகதியோடு எழுத்தில் அனுப்பி, எல்லா மின்னஞ்சலையும் சேமித்து வையுங்கள். மேற்பார்வையாளருக்கும் நூலகருக்கும் உடனே சொல்லுங்கள். பிறகு வேறொரு சஞ்சிகைக்கு அனுப்பும்போது நடந்ததை ஆசிரியருக்கு முதலே எழுதி, அந்த மின்னஞ்சல்களையும் இணையுங்கள். அக்கா அப்படித்தான் செய்தா. இங்குள்ள ஒரு இதழின் ஆசிரியர், கட்டுரையைப் புதிய தரவுகளோடு திருப்பி எழுதித் தந்தால் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அவ திரும்பவும் ஊருக்குப் போய் நேர்காணல் எடுத்துக்கொண்டிருக்கிறா. பழையது இன்னும் அந்தத் தளத்தில் கிடக்கிறது, அவவின் பெயரைப் பிழையாகப் போட்டபடி.